வலை இழுக்கும் நேரம்

ஆசானுக்கு முப்பத்திரண்டு வயது. சீடருக்கு நாற்பத்தெட்டு. அதனால் ஆசான் சீடரை ‘அண்ணே’ என்பார், சீடர் ஆசானை ‘டீச்சர்’ என்பார். இருவருக்கும் அதில் குறை ஒன்றும் இல்லை.

ஆசான் தஸ்லீமா, காயல்பட்டினத்தில் தன் வீட்டு முன்னறையிலிருந்து ஒரு கணினி நிரலைக் கவனித்துக்கொள்கிறவர். கடலில் காற்று மாறப்போகிறது என்று அறிவிப்பு வந்தால், அந்த நிரல் ஒவ்வொரு படகின் போனுக்கும் தானே கூப்பிட்டு எச்சரிக்கை சொல்லும். அது யாருடைய சொத்தும் இல்லை. எந்த ஊரிலிருந்தும் யாரும் திருத்தம் எழுதி அனுப்பலாம். இன்னொருவர் படித்துப் பார்த்து ‘சரி’ என்றால்தான் உள்ளே சேர்ப்பார்கள்.

அவரிடம் நிரல் எழுதப் பழகும் சீடர் ஜெரால்டு ஒரு திருத்தம் அனுப்பியிருந்தார். போனை எடுக்காத படகை அப்படியே விட்டுவிடாமல் நிரல் திரும்பத் திரும்பக் கூப்பிடும். நல்ல திருத்தம்தான். ஆனால் சண்டையில் மாட்டி வெளியிலேயே கிடந்தது.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து, மறுநாள் விடியுமுன் விசைப்படகுகள் கடலுக்குக் கிளம்புகின்றன. ஜெரால்டின் தம்பி லூர்துவின் படகும் அதில் ஒன்று. வானிலை அறிக்கையோ ஒன்றையும் உறுதியாகச் சொல்லாமல் மழுப்பியது. சென்னையிலிருந்து ஊருக்கு வந்திருந்த ஜெரால்டுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. மத்தியானச் சோற்றைப் பாதியில் விட்டுவிட்டு பஸ் ஏறி, ஆசான் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“டீச்சர், நீங்களே ஒரு முடிவு சொல்லுங்க. கமென்ட் வேணுமா, வேண்டாமா?”

கமென்ட் என்பது நிரலின் வரிக்கு மேலே, படிக்கிற மனிதருக்காக எழுதிவைக்கும் குறிப்பு. கணினி அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும். மனிதர்கள்தான் அதற்காக அடித்துக்கொள்வார்கள்.

ஜெரால்டு வரிக்கு ஒரு குறிப்பு எழுதுகிற ஆள். ‘இங்கே எண்ணை ஒன்று கூட்டுகிறோம்.’ ‘இங்கே பட்டியலைத் திறக்கிறோம்.’ எவனாவது புரியவில்லை என்று சொல்லிவிடுவானோ என்ற பயம் அவருக்கு எப்போதும் உண்டு. அவருடைய திருத்தத்தைப் படித்துப் பார்க்க வாய்த்தவர் ஈரோட்டுச் செங்குட்டுவன். அவருக்குக் குறிப்பு என்றாலே ஆகாது. இருவரும் வாரக்கணக்கில் பதிலுக்குப் பதில் எழுதிச் சலித்திருந்தார்கள்.

தஸ்லீமா செங்குட்டுவனைப் போனில் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார்.

“கோடிங்கைப் படிச்சாலே புரியோணுமுங்க,” என்றார் செங்குட்டுவன். “புரியலைன்னா கோடிங்கைத் திருத்தோணும். மேல உக்காந்து கதை எழுதப்படாதுங்க.”

“கதையா? நாளைக்குப் புதுசா ஒருத்தர் வந்து பார்த்தா என்ன செய்வார்?”

“எண்ணைக் கூட்டுறோம்னு எழுதித்தான் அவருக்குத் தெரியோணுங்களா?”

தஸ்லீமா இருவரையும் தடுக்கவில்லை. திரையில் ஜெரால்டின் திருத்தத்தைத் திறந்து, முதல் குறிப்பின் மேல் போய் நின்றார்.

“இது போகட்டுமா, அண்ணே?”

“ம்.”

அழித்தார். அடுத்ததற்குப் போனார்.

“இது?”

“சரி.”

“இது?”

“உங்க இஷ்டம், டீச்சர்.”

ஒவ்வொன்றாகப் போயின. ஜெரால்டின் முகம் தொங்கிப்போனது. வாரக்கணக்கில் மல்லுக்கு நின்றது இதற்குத்தானா என்று இருந்தது அவருக்கு. கடைசிக் குறிப்பும் போனபின் திரையில் வெறும் நிரல் மட்டும் நின்றது.

“இப்பத்தானுங்க படிக்கவே சொகமா இருக்குது,” என்றார் செங்குட்டுவன்.

“அப்போ அவர் சொன்னதுதான் சரியா, டீச்சர்?”

“வாய்விட்டுப் படிங்க, அண்ணே.”

ஜெரால்டு கடுகடுப்போடு படித்தார். “படகைக் கூப்பிடு. எடுக்கலைன்னா ஒரு நிமிஷம் பொறு. மறுபடி கூப்பிடு. மூணு தடவையும் எடுக்கலைன்னா அந்தப் படகை விட்டுட்டு அடுத்த...”

நிறுத்தினார்.

“ஒரு நிமிஷமா? நான் இருபதுன்னுல்ல போட்டிருந்தேன்?”

“நான்தானுங்க மாத்தச் சொன்னேன்,” என்றார் செங்குட்டுவன். “எச்சரிக்கை சொல்ல இருபது நிமிஷம் எதுக்குங்க காத்திருக்கோணும்? நீங்களும் சரின்னு அமுக்கிட்டீங்களே.”

அமுக்கியிருந்தார்தான். குறிப்பைப் பற்றி நீளமாகப் பதில் எழுதுகிற மும்முரத்தில், மற்றவற்றுக்கெல்லாம் பார்க்காமலே சரி போட்டது நினைவுக்கு வந்தது.

“வலை இழுக்கிறப்போ எவனும் போனைத் தொடமாட்டான்,” என்றார். “மீனோட வலை ஏறி முடியணும். அதுக்குள்ள மூணு தடவையும் கூப்பிட்டு முடிச்சிரும். படகை விட்டுட்டுப் போயிரும்.”

“அப்படிங்களா?” செங்குட்டுவன் பதறினார். “எனக்குத் தெரியாதுங்களே!”

“இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே?”

“ஈரோட்டுல ஏதுங்க கடலு?” என்றார் செங்குட்டுவன்.

அந்நேரம் பார்த்து ஜெரால்டின் பையில் போன் அடித்தது. லூர்து.

“அண்ணே, ஐஸ் ஏத்தியாச்சு. டீசலும் ஆச்சு. நீ வந்து பாத்துட்டுப் போறியா?”

“வாரேன்டா,” என்றார் ஜெரால்டு.

போனை வைத்துவிட்டு, கேட்காமலே கீபோர்டை இழுத்துக்கொண்டார். ஒன்றை இருபதாக்கினார். அதற்கு மேலே எழுதினார்: ‘வலை இழுக்கும்போது படகில் யாரும் போனை எடுக்க மாட்டார்கள். இந்த நேரத்தைக் குறைக்காதீர்கள்.’

செங்குட்டுவன் தன் திரையில் அதைப் படித்தார். “நான் சரி போட்டுட்டேனுங்க,” என்றார் மெதுவாக.

தஸ்லீமா கீபோர்டைத் தன் பக்கம் திருப்பினார். அந்த ஒரே குறிப்பின் மேல் போய் நின்றார்.

“இது போகட்டுமா?”

“ஐயோ, வேண்டாம் டீச்சர்!”

ஜெரால்டு நாற்காலியை விட்டு எழுந்து அவர் கைக்குக் குறுக்கே தன் கையை நீட்டிவிட்டார். போட்ட சத்தத்தில் உள்ளே வேலையாக இருந்த தஸ்லீமாவின் அம்மா வந்து எட்டிப் பார்த்தார்.

தஸ்லீமா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“மத்ததெல்லாம் போனப்போ நீங்க இப்படிக் கத்தலையே, அண்ணே.”