தங்கபுஷ்பம் வளர்த்த மீன்கள்

உமையம்மையிடம் தியானம் கற்க வருகிறவர்களில் தெய்வநாயகம்தான் வயதில் மூத்தவர். ஆசிரியையைவிடவே இருபது வயதாவது கூடுதலாக இருக்கும். துறைமுகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி தங்கபுஷ்பம் இறந்த பிறகுதான் தூத்துக்குடி கடலோரத்தில் இருந்த அந்தச் சிறிய ஆசிரமத்துக்கு வர ஆரம்பித்தார்.

ஒருநாள் மற்றவர்கள் எழுந்து போனபின் அவர் கேட்டார்.

“அம்மா, ரெண்டு பேர் சேர்ந்து வாழணும்னா ஒருத்தர் ஒடுங்கித்தான் ஆகணுமா?”

“யாரைப் பார்த்து இந்தக் கேள்வி வந்தது ஐயா?”

“மீனைப் பார்த்து.”

உமையம்மை சிரிக்கவில்லை. “அப்ப மீனைப் பார்ப்போம்” என்று அவரோடு கிளம்பினார்.

வீட்டுக் கூடத்தில் பெரிய கண்ணாடித் தொட்டி. உப்பு நீரில் இரண்டு கோமாளி மீன்கள். ஆரஞ்சு உடம்பு, குறுக்கே வெள்ளைப் பட்டை. பெரியது பெண், சின்னது ஆண். தங்கபுஷ்பம் ஆசையாக வளர்த்த ஜோடி.

தெய்வநாயகம் தீனி போட்டார். சின்னது வாயைத் திறப்பதற்குள் பெரியது பாய்ந்து அதன் வாலைக் கடித்தது. சின்னது ஒருக்களித்துக்கொண்டு உடம்பெல்லாம் நடுங்கிக் காட்டியது. அதன் வால் ஓரம் கிழிந்திருந்தது.

“பார்த்தீங்களா? நாள் முழுக்க இதே வேலைதான். என்னால பார்க்க முடியல.”

“உங்க வீட்டம்மா இருந்தப்பவும் இப்படித்தானா?”

“இப்படித்தான். ஒருதரம் தொட்டியைச் சுத்தம் பண்ணும்போது பெருசு அவ விரலையே கடிச்சிட்டு. ‘இந்த வீட்டுல எனக்குச் சரிக்குச் சரி ஒருத்தி வந்துட்டா’ன்னு அப்படிச் சிரிச்சா.”

சொல்லும்போதே அவருக்கும் சிரிப்பு வந்தது. பிறகு கேட்காமலே பேசினார்.

“துறைமுகத்துல நான் சொன்னா கப்பல் நகரும். வீட்டுல நான் நகரணும்னா அவ சொல்லணும். அவ எடுத்து வச்ச சட்டையைத்தான் போடுவேன். வாசல்ல கால் வச்சா அடுப்படியில இருந்தே ‘எங்க போறீய?’ன்னு சத்தம் வரும். ‘வெயில் தாழப் போனா ஆகாதா?’ன்னு அடுத்த சத்தம். நான் திரும்பி வந்து உக்காந்துக்குவேன்.”

“பயமா ஐயா?”

“பயந்தான்.” கொஞ்ச நேரம் தொட்டியையே பார்த்தார். “இப்ப கேக்க ஆளில்ல. ஆனாலும் படியில நின்னு ஒருதரம் திரும்பிப் பார்த்துட்டுத்தான் இறங்குறேன்.”

அப்போது அவர் மகன் சேர்மராஜ் வேலையிலிருந்து வந்தான். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகவில்லை. அப்பாவைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டான்.

“ஏன் இவ்வளவு நேரம்?” என்றார் தெய்வநாயகம்.

சேர்மராஜ் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ சொன்னான். காபி கொண்டுவந்த மருமகள் ஜெயசுதாவிடம், “சீனி ஜாஸ்தி. எத்தனை தடவை சொல்றது?” என்றார். அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். உமையம்மை பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்த மீன்களை நான் என்ன செய்யட்டும் அம்மா?”

“உங்களுக்கு என்ன தோணுது?”

“பெருசை வாங்கின கடையிலயே கொடுத்துரலாம்னு தோணுது.”

“கொடுத்துப் பாருங்க.”

மறுநாளே கொடுத்தார். பாலிதீன் பையில் தண்ணீரோடு அதை ஆட்டோவில் கொண்டுபோனார். தங்கபுஷ்பத்தை வீட்டைவிட்டு அனுப்புவது போல இருந்தது. பாதி வழியில் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தார். வாலின் கிழிசல் நினைவுக்கு வந்ததும் போய்க் கொடுத்துவிட்டார்.

சின்ன மீன் தேறியது. வால் வளர்ந்தது. தொட்டி முழுவதும் சுற்றி வந்தது. சில மாதங்களில் நன்றாகப் பருத்தும் விட்டது. பாவம், தனியாக இருக்கிறதே என்று அவர் அதைவிடச் சின்னதாக ஒரு மீன் வாங்கி வந்து விட்டார்.

விட்ட கொஞ்ச நேரத்தில் பழைய மீன் புதியதைத் துரத்தி மூலையில் தள்ளி வாலைக் கடித்தது. புதியது ஒருக்களித்து நடுங்கியது.

தெய்வநாயகம் கடைக்கு ஓடினார். அங்கிருந்து நேராக ஆசிரமத்துக்கு வந்தார்.

“அம்மா, அடி வாங்கினதே அடிக்குது. கடைக்காரர் சொல்றார், பெண் மீன் போயிட்டா ஆண் மீனே பெண்ணா மாறிடுமாம். பெருசா வளர்ந்து அதோட இடத்துல உக்காந்துக்குமாம்.”

உமையம்மை அவருக்குத் தண்ணீர் கொடுத்தார்.

“வீட்டுல எல்லாரும் சுகமா ஐயா?”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“மகனும் மருமகளும் தனி வீடு பார்த்துட்டாங்க. சாமானெல்லாம் கட்டியாச்சு. நான் என்ன குறை வச்சேன்? எங்க போறே, எப்ப வருவேன்னு கேக்கக் கூடாதா? அவ கேக்கலையா? அவ என்னைக் கேட்ட மாதிரிதானே நானும்...”

வெளியே கடல் இரைந்துகொண்டிருந்தது.

மிகவும் மெதுவாகச் சொன்னார்.

“அப்படிக் கேக்குறப்ப, அவ குரல் வீட்டுல கேக்குற மாதிரி இருந்துச்சும்மா.”

தெய்வநாயகம் தோள்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“ஒருதரம் மாறிட்டா மாறினதுதானாம். பழையபடி ஆகவே முடியாதுன்னார் கடைக்காரர்.”

“மீனாலதான் முடியாது ஐயா” என்றார் உமையம்மை.