வேருக்குள் இடம் கேட்ட பொன்வண்டு

அந்தக் காலத்தில், வண்டும் புழுவும் மரமும் வாய்விட்டுப் பேசிக்கொண்ட நாளில், பொன்வண்டின் உடம்பில் பொன் கிடையாது. சேற்று நிறத்தில் ஒரு தடியன் வண்டு, அவ்வளவுதான். ஆனால் பேரத்தில் அதை யாரும் ஜெயித்ததில்லை. பேச்சு முற்றும்போது விருட்டென்று எழுந்து நடக்கும். பத்து அடி போவதற்குள் எதிராளி கூப்பிட்டுவிடுவான்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. மண்ணில் கிடந்த வண்டின் பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் காய்ந்து செத்தன. ஈரம் மிச்சமிருந்தது ஒரே இடத்தில்: வேலமரத்தின் வேருக்குள்.

"ஆத்தா, என் பிள்ளைகளுக்கு உன் வேருக்குள் இடம் கொடு" என்று கேட்டது வண்டு.

"ஒரு பக்கவேர் தருகிறேன்."

"பக்கவேரா? யாருக்கு வேண்டும் அந்தச் சுண்டைக்காய்? ஆணிவேரைக் கொடு!"

"அதைக் கொடுத்துவிட்டு நான் எதில் நிற்பது? சரி, பக்கவேர் இரண்டாக எடுத்துக்கொள்."

இரண்டு! அங்கேயே வாயை மூடியிருக்க வேண்டும். மூடவில்லையே, பாவி. ஒரு தடவை இறங்கியவள் இன்னொரு தடவையும் இறங்குவாள் என்று நினைத்தது.

"ஊரில் உன்னை விட்டால் மரமே இல்லையா?" என்று கத்திவிட்டு எழுந்து நடந்தது.

மரம் கூப்பிடத்தான் இருந்தது. அதற்குள் அடியிலிருந்து ஒரு குரல். கண்ணுக்கே தெரியாத நூற்புழு.

"ஆத்தா, எனக்கு ஊசிமுனை இடம் போதும். எந்த வேரானாலும் சரி."

மரம் சிரித்தது. "நீ எவ்வளவு தின்றுவிடப் போகிறாய்! எல்லா வேரும் உனக்குத்தான், போ."

வண்டு எட்டு அடி போனது. ஒன்பது. பத்து. யாரும் கூப்பிடவில்லை. பதினொன்றாவது அடியில் வெட்கத்தை விட்டுத் திரும்பி ஓடிவந்தது.

"இரண்டே போதும் ஆத்தா."

"வாக்குக் கொடுத்துவிட்டேனே, அப்பா."

வேருக்குள்ளிருந்து புழு சொன்னது: "அண்ணே, நீங்கள் போன வேகத்தைப் பார்த்து, வேண்டாம் போல என்று நினைத்துவிட்டேன்."

"டேய், வெளியே வாடா!" வண்டு மண்ணைப் பிறாண்டியது. பிறாண்டிப் பிறாண்டிக் கால் ஓய்ந்து அழுதது.

மரத்துக்கு மனசு கேட்கவில்லை. தன் இலையின் பச்சையையும் அதில் விழுந்த வெயிலையும் எடுத்து வண்டின் முதுகில் பூசிவிட்டது. "கொடுக்க வேறு ஒன்றுமில்லை. பிள்ளைகள் வெளி மண்ணிலேயே இருந்து வேரைக் கடித்துக்கொள்ளட்டும்."

அடுத்த மாதமே உள்ளே புழு பெருகி, மரத்தின் வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக வீங்கியது. வண்டையே கூப்பிட்டிருக்கலாம் என்று மரமும் நொந்துகொண்டது.

அன்று பிடித்துதான் நூற்புழு வேருக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டு குடும்பம் பெருக்குகிறது. பொன்வண்டின் பிள்ளைகளோ வெளி மண்ணில் காய்ந்தும் ஏர்முனையில் சிக்கியும் போக, மழை விட்டதும் ஏதோ ஒன்றிரண்டு வேலமரத்தில் ஏறி மின்னுகின்றன. அவற்றையும் அந்தப் பொன் முதுகைப் பார்த்தவன் பிடிக்காமல் விடுவதில்லை.