ஆமைக்குஞ்சு கடலைப் பார்த்து ஓடுவது ஏன்?

அந்தக் காலத்தில் கடலாமைக்குக் கடலே தெரியாது. விலங்குகளெல்லாம் பேசிக்கொண்டிருந்த காலம் அது. மணல்மேட்டில் குழி பறித்து, அடும்பங்கொடியைத் தின்று, ஆமைகள் குஞ்சுகளோடு கரையிலேயே குடியிருந்தன.

உமரி என்று ஓர் ஆமை. அவளுக்கு மூன்று குஞ்சுகள். மூத்தவள் தாழை. அடுத்தவை இரண்டும் ஆண்.

ஒரு சமயம் மூன்று வருடம் மழையே இல்லை. கொடிகள் காய்ந்து நார்நாராய்க் கிடந்தன. கடைசிக் குஞ்சுக்குப் பசியில் அழக்கூடத் தெம்பில்லை. கடலுக்குள் பாசி நிறைய இருப்பதாக நண்டு சொன்னது. உமரி புறப்பட்டாள்.

"நாங்களும் வர்றோம்மா," என்றாள் தாழை.

"வேண்டாம்டி. அலை உங்களைப் புரட்டிப் போட்டுடும். வீட்டை விட்டு எங்கேயும் போகாதீங்க. ரெண்டே நாள்ல வந்துடுவேன்."

ஆனால் நீரோட்டம் அவளை வெகுதூரம் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

கரையில் பத்து நாள் ஆயிற்று. கடைசிக் குஞ்சு செத்துப்போனது. தாழை அதைக் குழிக்குப் பக்கத்திலேயே மணல் போட்டு மூடினாள். பிறகு இன்னொரு தம்பியைக் கூட்டிக்கொண்டு அலையை நோக்கி நடந்தாள்.

நண்டு குறுக்கே வந்து நின்றது. "உங்கம்மா வந்தா இங்கதானே தேடுவா? வீட்டுல இரு புள்ளே."

"எது வீடு? அது வெறும் குழி. அம்மா இருக்கிற இடம்தான் எங்க வீடு. நாங்க அங்கே போறோம்."

முதல் அலையிலேயே தம்பி காணாமல் போனான். "தம்பி! தம்பி!" என்று தாழை கத்தினாள். வாய் நிறைய உப்புத்தண்ணீர் புகுந்தது. அடுத்த அலை அவளையும் உள்ளே இழுத்துக்கொண்டது.

அவர்கள் போன மூன்றாம் நாள் சாயங்காலம் உமரி கரையேறினாள். வாயில் பாசி. குழியில் யாரும் இல்லை. இடம் மாறி வந்துவிட்டோமோ என்று பக்கத்தில் தோண்டினாள். கடைசிக் குஞ்சு கிடைத்தது.

"மத்த ரெண்டும் எங்கே?"

"உன்னைத் தேடிக் கடலுக்குப் போச்சுங்க," என்றது நண்டு.

"நான் வீட்டுக்குத்தானே வந்துட்டிருந்தேன்!"

உமரி மணலை மறுபடி மூடிவிட்டு, அழுதுகொண்டே கடலுக்குத் திரும்பினாள். எத்தனையோ வருடம் தேடினாள். தாழை பிழைத்து வளர்ந்து, எப்போதாவது அவள் பக்கமாகவே நீந்திப் போயிருக்கலாம். பார்த்திருந்தாலும் உமரிக்கு அடையாளம் தெரிந்திருக்காது.

அன்றைக்குத் தொடங்கியதுதான். பெண் ஆமை இன்றும் கரையேறி வந்து மணலைத் தோண்டுகிறது. முட்டையிட்டு மூடிவிட்டு, கண்ணில் நீர் வடியத் திரும்பிப் போகிறது. குஞ்சுகளோ முட்டையை விட்டு வந்த உடனே அலையைப் பார்த்து ஓடுகின்றன. அம்மாவைக் கண்டுபிடித்த குஞ்சு இதுவரை ஒன்றுகூட இல்லை.