நம்பிராஜன் செருப்பு

"அந்த ஆள் பேரை அடிக்கப்போறேன். சரியா தப்பா, நீ சொல்லு" என்றார் ஆவுடையப்பன்.

கேட்டவருக்கு வயது அறுபத்திரண்டு. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கைகோத்தார் சபையின் புதுத் தலைவர்.

கேட்கப்பட்ட தளவாய்க்கு நாற்பத்தைந்து. வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். போன வருஷத் தலைவர்.

தலைவராக இருந்தவர் மறுவருஷம் வாசலில் நின்று செருப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். புதுத் தலைவருக்கு அந்த ஒரு வருஷமும் அவர்தான் ஆசான். சபையின் வழக்கம் அது. வாத்தியாருக்கே வாத்தியாரா என்று ஊர் சிரித்தது. சிரிக்கட்டுமே! இப்படியொரு வழக்கம் வேறெந்தச் சபையில் இருக்கிறதாம்?

தளவாய் குனிந்து செருப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"மூணு கூட்டமா நம்பிராஜன் வரல. போன் போட்டா எடுக்க மாட்டேங்காரு. அஞ்சு மணிக்குக் கொடி ஏத்தணும், தெரியும்லா?"

தளவாய்க்குத் தெரியாதா? ஆண்டு விழாவில் மொட்டை மாடியில் கொடி ஏறும். பெயர்ப் பதிவில் உள்ள அத்தனை பேர் கையும் கயிற்றில் இருக்க வேண்டும். ஒரு கை குறைந்தாலும் கொடி ஏறாது. நாற்பத்தொன்பது வருஷம் ஒரு தடவைகூட ஏறாமல் இருந்ததில்லை.

இது ஐம்பதாவது வருஷம். மதுரைச் சபைக்காரர்கள் வேறு விருந்தாளியாக வந்து மாடியில் காத்திருந்தார்கள்.

"எங்காலத்துலயா கொடி கீழ கிடக்கணும்? மூணு தடவை வராதவன் பேரை அடிக்கலாம்னு சட்டம் இருக்கு. அடிச்சிட்டா மிச்சப் பேரு ஏத்திரலாம்." ஆவுடையப்பன் சிவப்புப் பென்சிலை எடுத்தார்.

தளவாய் ஒரு ஜோடிச் செருப்பை எடுத்து அவர் காலடியில் வைத்தார்.

"இது யாருது?"

"பாருங்க அண்ணாச்சி."

வலது செருப்பு புதுசுபோல இருந்தது. இடதின் குதிகால் தரையில் இழுபட்டு இழுபட்டுத் தகடாய்த் தேய்ந்திருந்தது. வாரில் மையால் 'ந' என்று எழுதியிருந்தது.

"நம்பிராஜன் செருப்பா? இன்னைக்கு வந்திருக்காரா?"

"மூணு கூட்டத்துக்கும் இது இங்கதான் கிடந்துது."

"மாடிக்கு வரலையே அவரு!"

தளவாய் படிக்கட்டை நிமிர்ந்து பார்த்தார். இருபத்திரண்டு படி, செங்குத்து.

ஆவுடையப்பன் பென்சிலைச் சட்டைப்பையில் செருகினார்.

"அட பாவி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"யார்ட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. ரோஷக்காரரு. செருப்புகிட்ட யாரும் சத்தியம் வாங்கல."

ஆவுடையப்பன் படிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அங்கே ஒரு பெஞ்சு. மணி அடித்து எல்லாரும் மேலே போன பிறகு வந்து, அதில் உட்கார்ந்து கூட்டத்தைக் காதால் கேட்டுவிட்டு, முதல் ஆளாகப் போய்விடுவது நம்பிராஜன் வழக்கம். இன்றைக்கு முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருந்தார். சலவைச் சட்டை, தோளில் சபையின் பச்சைத் துண்டு.

"பேரை அடிச்சிரும்வே" என்றார் அவர். "என்னால கொடி நிக்கக்கூடாது."

ஆவுடையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. பள்ளிக்கூடத்து மைதானமே அடங்கும் அந்தக் குரலில் மாடியைப் பார்த்துக் கத்தினார்.

"எவம்லே மேல? என் நாற்காலியைக் கீழ கொண்டா!"

தேக்கு நாற்காலி அது. தலைவரைத் தவிர ஒருத்தரும் அதில் உட்கார்ந்ததில்லை.

நாற்காலி வந்தது.

"நான் மாட்டேன். அது தலைவர் இடம்" என்றார் நம்பிராஜன்.

"தலைவர் உத்தரவுவே இது. உக்காரும்!"

உட்கார்ந்தார். முன்கால்களை இரண்டு பேர் பிடித்தார்கள். பின்கால் ஒன்றைத் தளவாய் பிடித்தார். மற்றொன்றை யார் பிடிப்பது என்று பேச்சு எழுவதற்குள் அதில் ஒரு கை விழுந்துவிட்டது.

இருபத்திரண்டு படி. பத்தாவது படியில் ஒருதரம் இறக்கி மூச்சு வாங்கினார்கள். மேலே ஏறி வந்தபோது அத்தனை பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

மதுரைக்காரர் ஒருவர் மாலையோடு முன்னால் வந்தார்.

"நாற்காலியில இருக்கவர்தானே உங்க தலைவர்?"

தளவாய் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"இல்லீங்க. பின்கால் பிடிச்சிட்டு மூச்சு வாங்குதாரு பாருங்க, அவரு."