குழந்தைவேலுவின் குட்டை மரம்

"இந்தத் தடவையாவது என்னை அனுப்பி வெப்பீங்களாம்மா?" என்று கேட்டார் குழந்தைவேலு.

அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு தொட்டியில் படிந்த பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

கோத்தகிரிக்கு மேலே, தேயிலைச் சரிவு முடிகிற இடத்தில் இருந்தது அந்த ஆசிரமம். ஞானம் தேடி வருகிறவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது, அங்கே குருவாக இருக்கும் அம்மாவின் தோட்டம். எல்லாம் குட்டை ஸ்ப்ரூஸ். கிறிஸ்துமஸ் மரத்தின் ஜாதி. கூம்பாக, உருண்டையாக, சில தரையோடு படர்ந்து, எதுவும் இடுப்புக்கு மேல் போகாது. பக்தர்கள் பட்டும் பழமும் கொண்டுவந்தால் அம்மா தொடமாட்டார். குட்டை மரம் என்றால் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொள்வார்.

அங்கே ஒரு வழக்கம். யார் சீடராகச் சேர்ந்தாலும் அன்றைக்கே ஒரு மரத்தை நட்டு அவர் பொறுப்பில் விட்டுவிடுவார்கள். குழந்தைவேலு வந்தபோது அவர் தலையில் ஒரு நரைகூடக் கிடையாது. இப்போது அம்மாவை விட அவர்தான் கிழவராகத் தெரிகிறார். அவருடைய மரம் மட்டும் பச்சைப் பிள்ளை மாதிரி நிற்கிறது.

"எங்கே போகணும்?" என்றார் அம்மா, தெரியாதவர் போல.

"சத்தியமங்கலத்துக்குத்தானுங்கம்மா. ஓட்டு வீடு ஒண்ணு பாத்து வெள்ளையடிச்சு வெச்சிருக்காங்க. நான் போய் உக்காந்தாத் தியானம் பழகலாம், சாயங்காலத்துல பாட்டுப் படிக்கலாம்னு ஜனங்க காத்துக்கிட்டிருக்காங்க."

"போன தடவை கேட்டப்ப என்ன சொன்னேன்?"

"பக்குவம் வரலைன்னு சொன்னீங்க."

"அதுக்கு முன்னாடி?"

"அதேதானுங்க."

குழந்தைவேலுவுக்கு நல்ல குரல். அவர் பாடினால் கீழே தேயிலை பறிக்கிற பெண்கள் கூடையோடு நின்று கேட்பார்களாம். வந்த வருஷமே அம்மா சொல்லிவிட்டார், "பாட்டுல உன் அகங்காரம் கேக்குது." அதோடு பாட்டு நின்றது. பிறகு ஒருநாள், வந்தவர் ஒருவர் ஏதோ கேட்க, இவர் பதில் சொல்ல, அந்த மனிதர் இவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். மறுநாளிலிருந்து இவருக்குச் சமையலறை வேலை. அதற்கும் சரியென்று போனார்.

இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. அவருக்கு வரவில்லை.

"உன் மரத்தைப் பார்த்தியா?" என்றார் அம்மா.

பார்த்தார். கூம்பின் நடுவிலிருந்து ஒரு கிளை தனியாகக் கிளம்பி அவர் தோள் உயரத்துக்கு நின்றது. மற்ற இலைகள் குட்டையாக, மிருதுவாக இருந்தன. இந்தக் கிளையின் ஊசிகள் நீளம், முரடு, லேசாக நீலம் பூத்த பச்சை. ஆசிரமத்தில் இதற்குத் திமிர்க்கிளை என்று பெயர்.

"மறுபடியும் வந்துருச்சுங்களா? நானும் விடாம வெட்டீட்டுத்தான் இருக்கேன். என்ன நோயோ தெரியலீங்க."

"நோய் இல்லை. அதுதான் மரம்."

குழந்தைவேலுவுக்குப் புரியவில்லை.

"இந்த ஜாதி அதோட காட்டுல கோயில் கோபுரம் அளவுக்கு வளரும். எப்பவோ ஒண்ணு ஏதோ கோளாறாகி வளராம நின்னுடுச்சு. பார்க்க லட்சணமா இருந்தது. அதை ஒடிச்சு ஒடிச்சு நட்டுப் பெருக்கிட்டாங்க. இத்தனை வருஷமா நீ வளர்த்தது அந்தக் கோளாறை. வெட்டிப் போட்டதுதான் மரம்."

அவர் கிளையையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்புறம் எதுக்கும்மா வெட்டச் சொன்னீங்க?"

"விட்டா அது மொத்த மரத்தையும் எடுத்துக்கும். அப்புறம் என் தோட்டத்துல அதுக்கு இடமில்லை."

ஒளிவுமறைவே இல்லாமல் சொன்னார். ஒரு பொய்யாவது சொல்லியிருந்தால் திட்டித் தீர்த்துவிட்டுப் போயிருக்கலாம்.

குழந்தைவேலு அந்தக் கிளையைத் தொட்டுப் பார்த்தார். காற்றில் அது ஒன்றுதான் ஆடிக்கொண்டிருந்தது. கீழே சாலையில் அவர் ஏற வேண்டிய மேட்டுப்பாளையம் பஸ் வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்தபடி வந்தது. அவருடைய துணிப்பை காலையிலிருந்தே வாசற்படியில் இருந்தது. தொண்டையில் ஏதோ ஒரு பழைய பாட்டின் முதல் வரி வந்து நின்றது.

அம்மா கிளை வெட்டுகிற கவாத்துக் கத்தரியை எடுத்து நீட்டினார்.

குழந்தைவேலு அதை வாங்கிக்கொண்டார்.

மண்டியிட்டார். ஒரு கையால் இலைகளை ஒதுக்கி, கிளையின் அடி தேடி, கட்டை எதுவும் துருத்தாமல் ஒட்ட வெட்டினார். வெட்டியதைக் குப்பைக் கூடையில் போட்டார். கத்தரியை வேட்டி நுனியால் துடைத்து, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

பஸ் வாசலுக்கு நேரே வந்து நின்றது.

அம்மா கத்தரியை வாங்கிக்கொண்டு அவரைப் பார்த்தார்.

"இப்ப உனக்குப் பக்குவம் வந்துடுச்சு குழந்தைவேலு. இனி நீ தாராளமாப் போகலாம்."

குழந்தைவேலு விழித்தார்.

"எங்கேங்கம்மா?"