மைனா வீட்டு ரெட்டைவால்

இது சிரிப்புக் கதைதான். ஆனால் சிரிப்பு இப்போது வராது. மைனா இன்னும் கடலைக்காட்டிலிருந்து திரும்பவில்லை. அவள் வந்து, இரை கொடுத்து, மறுபடி போய், மறுபடி வந்து ஓய்ந்த பிறகுதான் வரும். அதுவரை பல்லைக் காட்டாமல் இருங்கள்.

செல்லக்கனி வீட்டுப் பின்சுவர் இன்னும் பூசப்படவில்லை. சாரம் கட்டக் கழி செருகிய பொந்துகள் அப்படியே இருந்தன. ஒரு பொந்தில் மைனா மூன்று குஞ்சு பொரித்திருந்தாள். பூச வந்த கொத்தனாரை, "குஞ்சு பறக்கட்டும், அப்புறம் வாங்கண்ணே" என்று செல்லக்கனி திருப்பி அனுப்பிவிட்டாள்.

குஞ்சுகளுக்குப் பசி என்றால் அப்படி ஒரு பசி. கொளுத்தும் வெயிலில் மைனாவும் அவள் புருஷனும் காட்டுக்கும் சுவருக்குமாகப் பறந்தார்கள். மூச்சு இளைத்து, மைனாவால் அலகை மூடக்கூட முடியவில்லை.

மைனா வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வாய் திற, விழுங்கு, திரும்பு. இரை விழுங்கிய குஞ்சு உடனே திரும்பி, வாலைத் தூக்கி எச்சம் போடும். மெல்லிய பையில் கட்டியது போல வரும் எச்சத்தை அம்மா அலகால் வாங்கித் தூரக் கொண்டுபோய்ப் போடுவாள். கூடு சுத்தமாக இருக்கும். முகம் சுளிக்காதீர்கள். உங்கள் அம்மா செய்யாததா?

முருங்கை மரத்தில் ஓர் இளவட்டக் கரிச்சான் குருவி இருந்தான். எந்தக் குரலும் அவன் தொண்டைக்குள் அடங்கும். செல்லக்கனி குரலில் "பா... பா... பா" என்பான். கோழிகள் ஓடி வந்து வெறும் தரையைக் கொத்தும். ஐஸ் வண்டியின் ஹாரன் அடிப்பான். நாய் தெருமுனை வரை ஓடிப் போய், அசடு வழியத் திரும்பி வரும்.

மைனாவின் கடைக்குட்டி கத்துவதையும் அவன் பிடித்துவிட்டான். பக்கத்துப் பொந்துக்குள் வாலை முதலில் விட்டு, பின்னாலேயே உடம்பை இழுத்துக்கொண்டான். அந்த வாலைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

"கீ... கீ... அம்மா, இங்க வாம்மா. அண்ணனுங்க நெருக்குறாங்க. நான் இந்தப் பக்கம் தள்ளி வந்துட்டேன்."

இருட்டுக்குள் திறந்த வாய் ஒன்று தெரிந்தது. திறந்த வாயைக் கண்டால் தாய்க்கு யோசனை ஓடாது. கொண்டுவந்த பூச்சியை அதில் போட்டாள். காட்டுக்குப் பறந்தாள்.

உண்மையான கடைக்குட்டி, அண்ணன்கள் இருவருக்கும் பின்னால் கிடந்தது. முதலில் அதுவும் கத்தத்தான் செய்தது. பிறகு குரல் மெலிந்தது. பிறகு வாய் மட்டும் திறந்து மூடியது.

"கடைக்குட்டி எப்ப அங்க போச்சு? அதுக்கு இன்னும் சிறகே முளைக்கலையே" என்றான் ஆண் மைனா.

"போயிடுச்சு. அது சரியான ரெட்டைவால். கேள்வி கேக்காதீங்க, பதில் சொல்லத் தெம்பில்ல. பூச்சி கொண்டாங்க."

உள்ளே கரிச்சானுக்குத் திக்கென்றது. அப்புறம் அவள் செல்லமாகத் திட்டுகிறாள் என்று புரிந்து, தொண்டைக்குள்ளேயே சிரித்துக்கொண்டான்.

நீங்கள் சிரிக்காதீர்கள். ஒரு குஞ்சு தலையைத் தொங்கப் போட்டுக் கிடக்கிறது.

மறுநாள் உச்சி வெயிலில் மைனா புருஷனிடம் வந்தாள்.

"ஏங்க, கடைக்குட்டி நேத்துலேர்ந்து எச்சமே போடல. வயிறு கட்டிக்கிச்சோ என்னவோ."

"வேப்பம்பழம் குடேன்."

"குடுத்தேன். கசந்த மாதிரி மொனகுச்சு. முழுங்கிட்டு மறுபடி பூச்சி கேக்குது."

"பூச்சிய நிறுத்து. மொதல்ல அதைத் திரும்பி வாலைத் தூக்கச் சொல்லு."

மைனா கொழுத்த தத்துக்கிளி ஒன்றைக் காலால் மிதித்துக்கொண்டு பொந்து வாசலில் உட்கார்ந்தாள்.

"கண்ணு, கொஞ்சம் திரும்பு."

"எதுக்கும்மா?"

மைனா தலையைச் சாய்த்தாள். எதுக்கு என்று கேட்ட மைனாக்குஞ்சு அவள் பரம்பரையிலேயே கிடையாது.

"திரும்பு. திரும்பினாத்தான் பூச்சி."

ஊரிலுள்ள வாய்களையெல்லாம் படித்த கரிச்சான், குஞ்சுகளின் பின்பக்கத்தைக் கவனித்ததே இல்லை. தத்துக்கிளியோ இன்னும் கால் உதைத்துக்கொண்டிருந்தது. எச்சில் ஊறியது. நெளிந்து, முட்டி, கஷ்டப்பட்டுத் திரும்பினான்.

பொந்துக்கு வெளியே, பட்டப்பகல் வெயிலில், கறுத்த வால் ஒன்று நீண்டது. நுனி இரண்டாகப் பிளந்திருந்தது.

மைனா பார்த்தாள். புருஷன் பார்த்தான். தண்ணீர்த் தொட்டியருகில் பாத்திரம் துலக்கிய செல்லக்கனியும் பார்த்தாள். பார்த்து, கையிலிருந்த சட்டியைக் கீழே வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். நீங்களும் இப்போது சிரிக்கலாம்.

மைனா மட்டும் சிரிக்கவில்லை.

"ரெட்டைவால்னு என் வாயாலதான் சொன்னேன்" என்றாள் களைத்த குரலில். "நெசமாவே ரெண்டா இருக்கும்னு நெனைக்கல."

தத்துக்கிளியைக் கவ்விக்கொண்டு தன் பொந்துக்குள் போனாள். பெரியவை இரண்டையும் ஒதுக்கித் தள்ளினாள். பின்னால் ஒரு சின்ன வாய் மெதுவாகத் திறந்தது. விழுங்கியது. பிறகு, யாரும் சொல்லாமலே, திரும்பியது.

குரலை இரவல் வாங்கிப் பிறர் பங்கைத் தின்பவனை, அவனுடைய வாலே காட்டிக்கொடுக்கும்.