எல்லாப் பெட்டிக்கும் நிழல்

ராணிப்பேட்டையில் ஷமீமா நடத்திய வலைப்பக்க வடிவமைப்பு வகுப்பில் அவளைவிட வயதில் மூத்த மாணவர் ஒருவர் இருந்தார். தணிகாசலம். தோல் தொழிற்சாலையில் வேலை போனபின் இதைக் கற்க வந்தவர். அவள் அவரை சார் என்பாள். அவர் அவளை டீச்சர் என்பார்.

வலைப்பக்கத்தில் ஒரு பெட்டிக்கு அடியில் நிழல் விழவைக்கும் சிஎஸ்எஸ் நிரல் வரியைக் கற்ற அன்று அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளையில் ஒட்டிக் கிடந்த பெட்டி, ஒரே வரியில் மேலெழும்பி நின்றது.

அவருக்குக் கிடைத்த முதல் வேலை ஒரு டயாலிசிஸ் மையத்தின் பக்கம். நோயாளிகள் அலையாமல் செல்போனிலேயே நேரம் பதிந்துகொள்ள வேண்டும். டாக்டர் பெயர், முகவரி, சாப்பாட்டுக் குறிப்பு, பஸ் வழி, நேரப் பதிவு என்று அத்தனை பெட்டிக்கும் நிழல் கொடுத்தார்.

பக்கம் வெளியான பிறகு ஒருநாள் மையத்துக்குப் போனார். பிலோமினா என்ற அம்மாள் வீங்கிய கால்களோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நேரம் கேட்பதற்காகவே கலவை ஊரிலிருந்து பஸ் ஏறி வந்தாராம். செல்போனில் பதியலாமே என்று தணிகாசலம் சொன்னதும், அந்த அம்மாள் பக்கத்தைத் திறந்து அவரிடமே நீட்டினார்.

"எல்லாம் ஒரே மாதிரி எழும்பி நிக்குது தம்பி. எதைத் தொடணும்னு தெரியலை."

தணிகாசலம் தானே பதிந்து கொடுத்துவிட்டு நேராக வகுப்புக்கு வந்தார். நடந்ததைச் சொன்னார். நிழல் போட்டதே தப்பா என்று கேட்டார்.

ஷமீமா நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். எல்லாவற்றுக்கும் ஏன் போட்டீர்கள் என்று மட்டும் கேட்டாள்.

"ஒண்ணை மட்டும் விட மனசு வரலை, டீச்சர்."

தொழிற்சாலையில் ஆள் குறைத்தபோது முதலில் வெளியே அனுப்பப்பட்டவர் அவர். அது அவளுக்குத் தெரியும்.

"அந்த அம்மா விரல் எங்க போகணும், சார்?"

அவர் நேரப் பதிவுப் பெட்டியைக் காட்டினார். அவள் கீபோர்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

மற்ற நிழல்களை அவர் ஒவ்வொன்றாக எடுத்தார். எடுக்க எடுக்கப் பெட்டிகள் திரையோடு படிந்தன. கடைசியில் நேரப் பதிவு மட்டும் எழுந்து நின்றது. கண் தானாக அங்கே போனது.

ஆனாலும் அவருக்கு மனசு ஆறவில்லை.

"மத்ததெல்லாம் இப்படித் தட்டையாக் கிடக்குதே, டீச்சர்."

"கிடக்கலை, சார்," என்றாள் ஷமீமா. "அந்த ஒண்ணைத் தாங்குது."